எந்தக் கன்னம்

ரெண்டு முகமும் அவராகத்தான் இருந்தது. சண்முகக்கனி ஒரு தடவை திருப்பினாள், கொம்பையா சுவரைப் பார்த்தார். இன்னொரு தடவை திருப்பினாள், வாசலைப் பார்த்தார். ரெண்டிலும் அதே பாதிச் சிரிப்பு, அதே தூக்கின புருவம், சவாரி கேட்டு யாரோ வந்தது மாதிரி லேசாக முன்னால் நீண்ட கழுத்து. மரு மட்டும்தான் இடம் மாறியது. உளுந்தம்பருப்பு அளவுக்கு ஒரு மரு, முதலில் வலது கன்னத்தில், திருப்பினால் இடது கன்னத்தில். இதை அவள் யோசித்துச் செய்யவில்லை. பதினாறு வருஷமாக இந்த ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் பண்ணுகிறவளுக்கு, செத்தவர் படம் என்றால் கை தானாக ஓடும். பின்னணியை வெட்டு, முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கு, மேகம் போடு, புறாவை விடு, விளக்கை ஏற்று. படம் வலது ஓரத்தில் வந்தால் முகம் எழுத்தைப் பார்க்க வேண்டும்; எழுத்துக்குப் பிடரியைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்தால் பார்க்கிறவர்களுக்கு ஒட்டாது; ஆகவே ஒரு சொடுக்கில் முகத்தைத் திருப்பு, எவனுக்குத் தெரியப்போகிறது. அப்படித்தான் திருப்பினாள். திருப்பிவிட்டு, வீட்டில் எண்ணெய் தீர்ந்துபோச்சே, சாயங்காலம் போகிற வழியில் மறக்காமல் வாங்கணும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், சட்டென்று நின்றாள். மரு எந்தப் பக்கம்? பழையபடி வைத்தாள், அதுவும் சரியாகத்தான் பட்டது. மறுபடி திருப்பினாள், இதுவும் அவர்தான். ஏழெட்டுத் தடவை திருப்பினபிறகு ரெண்டுமே அவரில்லை என்று தோன்ற ஆரம்பித்தது.

மணி ரெண்டரை. முதலாளி சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டார், பிரிண்ட் ஓட்டுகிறவர் சாப்பிடப் போய்விட்டார். மெஷின் யார் வீட்டுப் பிள்ளைக்கோ பூப்புனித நீராட்டு விழாவை அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், பார்த்து சரி என்றால் அடித்துக் கையோடு கொண்டுபோவார்கள், ஏனென்றால் நாளைக்கு விடிந்தால் கொம்பையா போய் ஒரு வருஷம். தாலுகா ஆபீஸ் ஆட்டோ ஸ்டாண்டில், அவர் வண்டி நின்ற இடத்துக்கு நேர் மேலே, பத்துக்கு ஆறு அடியில் இந்த முகம் நிற்கப்போகிறது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. ரெண்டாம் ஆண்டுக்கெல்லாம் யாரும் வைப்பதில்லை, தலைவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் தவிர. அது இந்தத் தொழிலில் இருக்கிறவளுக்குத் தெரியாதா. இந்த ஊர் அவர் முகத்தைப் பெரிசாகப் பார்ப்பது இதுதான் கடைசி. அது தப்பாக நிற்கக் கூடாது. எது தப்பு என்று தெரியாமல் கட்டின பெண்டாட்டி உட்கார்ந்திருக்கிறாளே, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல. பிள்ளை என்று ஒன்று இருந்திருந்தால் ஏட்டி, அப்பாவுக்கு மரு எந்தப் பக்கம் என்று போகிற போக்கில் கேட்டுவிட்டுச் சோற்றைப் போடப் போயிருக்கலாம். அதுவும் இல்லை. பதினாலு வருஷம் அந்தக் கன்னத்தை அவளும் அவருமாகத்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள், அதில் ஒருத்தர் போனபிறகு பாதி போயிற்று என்று நினைத்திருந்தாள், இப்போது பார்த்தால் முழுசுமே போய்விட்டது போலிருக்கிறது.

இந்தப் படத்தை நம்பவும் முடியாது. இது போன வருஷத்துப் போஸ்டருக்கு வெட்டின படம், அசல் எங்கே என்று யாருக்கும் தெரியாது. போன வருஷம் ஸ்டாண்டுக்காரர்கள், எப்படி மதினியிடம் போய்க் கேட்பது என்று சங்கடப்பட்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு ஒரு கடையில் கண்ணீர் அஞ்சலி அடித்தார்கள். நல்ல எண்ணம்தான். முப்பதாம் நாள் காரியம் கழிந்து வேலைக்கு வந்த அன்றைக்கு அதைப் பார்த்தாள். கொம்பையா கோட்டும் டையுமாக நின்றார். கோட்டு! எல்லாக் கடையிலும் கம்ப்யூட்டரில் கோட்டு உடம்பு பத்துப் பன்னிரண்டு இருக்கும், தலையை வெட்டி மேலே வைக்க வேண்டியதுதான், அவளே எத்தனை பேருக்கு வைத்திருக்கிறாள். மத்தியானம் சோறு கொண்டுவந்து கொடுக்கிறபோது இவர் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்து, இன்னைக்கு யாரு, என்பார், பார்த்துவிட்டு, எனக்குக் கோட்டு கீட்டு மாட்டிவிட்டிராத, காக்கிச் சட்டையோடயே போடு, இல்லன்னா சவாரிக்காரனுக்கு அடையாளம் தெரியாது என்று சிரிப்பார். வாயைக் கழுவுங்க என்பாள் அவள். கடைசியில் வேறு எவனோ கோட்டு மாட்டினான். அன்றைக்கு போஸ்டருக்குக் கீழே நின்றபோது, இது இவரில்லையே, இது இவரில்லையே என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. கோட்டுதான் காரணம் என்று நினைத்துவிட்டாள். கோட்டைப் பார்த்தவள் கன்னத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத் திருப்பியிருப்பானோ? திருப்பியிருப்பான், திருப்பாமலும் இருந்திருப்பான். போஸ்டருக்கு வெட்டின அதே முகத்தைத்தான் நாத்தனார் புருஷன் பெரிசாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தார், அதுதான் வீட்டில் மாலையோடு தொங்குகிறது, அதற்குத்தான் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறாள். மரு அதில் வலது கன்னத்தில் இருக்கிறது. ஒரு வருஷம் பார்த்தால் எதுவும் பழகிப்போகும். வலதுதான் என்று இப்போது மனசு சொல்வது மனசா, அந்தச் சட்டமா?

கண்ணை மூடினாள். கையால் கண்டுபிடித்துவிடலாம், கைக்கு ஞாபகம் இருக்கும் என்று தோன்றியது. கட்டிலில் அவள் சுவர்ப் பக்கம், அவர் வெளிப் பக்கம். மல்லாந்து படுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவார், தெருவிளக்கு ஜன்னல் வழியாக முகத்தில் பாதிக்கு விழும். விழித்துக்கொண்டால் அவள் அந்த மருவை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பாள், ஏன் என்றெல்லாம் கேட்கக் கூடாது, தொடுவாள், அவ்வளவுதான். அவர் தூக்கத்திலேயே கொசு என்று நினைத்து அடித்துக்கொள்வார். அப்படியானால் அவள் பக்கத்துக் கன்னம். அவள் பக்கம் என்றால் எது? அவருக்கு அவள் எந்தக் கைப்பக்கம் படுத்தாள்? சுவர் எந்தப் பக்கம்? சந்திப் பிள்ளையார் தெரு வீட்டில் சுவர் இந்தப் பக்கம், மழையில் ஒழுகுகிறது என்று கட்டிலை மாற்றிப் போட்டார்கள், அப்போது சுவர் அந்தப் பக்கம் வந்தது. அப்புறம் இந்த வீடு. இந்த வீட்டிலும் தொட்டாளா? தொட்டாள், தொட்டிருப்பாள். எட்டித் தொட்டாளா, எட்டாமல் தொட்டாளா? திரைக்கு முன்னால் காற்றில் கையை நீட்டினாள். அவர் முகம் எதிரே இருப்பதாக நினைத்துக்கொண்டு விரலைக் கொண்டுபோனாள். இடது பக்கம் நினைத்தால் இடது பக்கம் போயிற்று, வலது என்று நினைத்தால் வலதுக்கு வந்தது, சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை மாதிரி. சீ என்று கையை மடியில் போட்டுக்கொண்டாள். வாசலில் சைக்கிளில் போன ஒரு ஆள், தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டருக்கு ஆசீர்வாதம் பண்ணுகிற பொம்பளையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

வண்டியில் போகிறபோது பார்த்த முகம்தான் நிறைய. கல்யாணமானதிலிருந்து கோயிலுக்கு, சினிமாவுக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாம் பின்சீட்டில்தான், அவர் ஓட்ட அவள் பின்னால் மகாராணி மாதிரி உட்கார்ந்து போவாள். பேசுவதெல்லாம் முன்னால் இருக்கிற சின்னக் கண்ணாடியைப் பார்த்துத்தான். சண்டையும் கண்ணாடியில், சமாதானமும் கண்ணாடியில். டாக்டரம்மா இனிமேல் பிள்ளைக்கு வாய்ப்பில்லம்மா என்று சொல்லி அனுப்பின அன்றைக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரைக்கும் அந்தக் கண்ணாடிக்குள் அவர் கண் ரோட்டைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். அந்தக் கண்ணாடியில் மரு எங்கே இருந்தது? அது தெரிந்தாலும் அதற்கு எதிர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அவரும் சவரம் பண்ணுகிறபோது தன்னைக் கண்ணாடியில்தானே பார்த்திருப்பார், அவரைக் கேட்டாலே தப்பாகச் சொல்லியிருப்பாரோ என்னவோ. பிடரி கேட்டால் சொல்வாள். பிடரியில் மூணு மடிப்பு, நடு மடிப்பு கொஞ்சம் கோணல், இடது காதுக்குப் பின்னால் சிக்கன்பாக்ஸ் தழும்பு, காக்கிச் சட்டைக் காலருக்கு உள்ளே எப்போதும் ஒரு கர்ச்சீப். பிடரியை வரையச் சொன்னால் கண்ணைக் கட்டிக்கொண்டு வரைவாள். ஆனால் பிடரியை வைத்து யாராவது நினைவஞ்சலி அடிப்பார்களா.

வேறு படம் இல்லையா என்றால், இருக்கிறது, எல்லாம் அவளை மாதிரியேதான். கல்யாண ஆல்பத்தில் மருவே கிடையாது. மாப்பிள்ளை முகம் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஸ்டூடியோக்காரர் அழித்துவிட்டார். ஆதார் அட்டையில் இருப்பது கொம்பையாவா கரிமூட்டையா என்று அதை எடுத்தவருக்கே தெரியாது. லைசென்ஸ் அவர் போன அன்றைக்குச் சட்டைப் பையில் இருந்தது, சட்டை எங்கே போயிற்று என்று தெரியாது, அவள் கேட்கவில்லை. செல்போனில் அவரும் அவளுமாகக் குற்றாலத்தில் எடுத்தது ஒன்று, கையை நீட்டி இவரே எடுத்தது. அப்படி எடுத்தால் சில போன் திருப்பிக் காட்டும், சில போன் நேராகக் காட்டும், படம்தான் மிச்சம், அந்தப் போன் எந்த ரகமோ, அது செத்து ஐந்து வருஷம். திருப்பூரில் நாத்தனார் இருக்கிறாள். கூடப் பிறந்தவள், அவளுக்குத் தெரியாமல் போகாது. போனை எடுத்து அழுத்தியும்விட்டாள், ரெண்டு தடவை மணி அடிப்பதற்குள் கட் பண்ணினாள். என்னவென்று கேட்பது? உங்க அண்ணனுக்கு மரு எந்தக் கன்னத்துல என்றா? ஒரு வருஷம் முழுசாக ஆகவில்லை, அதற்குள் புருஷன் முகம் மறந்துபோச்சு என்று அவள் எதுவும் சொல்லமாட்டாள், நல்லவள், ஆனால் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பாள். அந்த ஒரு நிமிஷத்தைத் தாங்க முடியாது. நாத்தனாரே திரும்பக் கூப்பிட்டாள், என்ன மதினி கூப்பிட்டீகளா என்றாள், சும்மாதான், நாளைக்கு எந்த பஸ்ஸுன்னு கேக்கலாம்னு என்று இவள் சொல்ல, காலையில வந்துருவேன், வடைக்கு உளுந்து ஊறப்போட்டுருங்க என்றாள் அவள். உளுந்து. சரி என்று வைத்துவிட்டாள்.

பேசாமல் மருவை அழித்துவிட்டால் என்ன? அப்படியும் ஒரு யோசனை வந்தது, வந்தவுடனே கை செய்தும்விட்டது. பக்கத்துத் தோலை எடுத்து மேலே ரெண்டு தடவை ஒற்றினால் போதும், மரு போச்சு, இடதும் இல்லை வலதும் இல்லை, யாரும் கேட்கவும் மாட்டார்கள். திரையில் கல்யாண ஆல்பத்து மாப்பிள்ளை நின்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த ஆளோடு அவள் வாழவில்லை. பதறிப்போய்ப் பழையபடி கொண்டுவந்தாள், மரு வந்து உட்கார்ந்தது, வலது கன்னத்தில், அல்லது படத்தின் வலது கன்னத்தில். இப்படி எத்தனை பேரை அழித்திருக்கிறாள்? ஆண்டவா, எத்தனை பேரைத் திருப்பியிருக்கிறாள்? வருஷத்துக்கு முந்நூறு நானூறு சாவு என்று வைத்தால், பதினாறு வருஷத்தில் இந்த ஊரிலும் சுத்துப்பட்டிலும் செத்தவர்களில் பாதிப் பேர் அவள் கையால் இடம் வலமாக மாறிப் போயிருப்பார்கள். ஒரு தடவை ஒரு அக்கா வந்தாள், தம்பி செத்துப்போன அக்கா. போஸ்டரை வாங்கிக்கொண்டு போனவள் திரும்பி வந்து இதே வாசலில் நின்று, என் தம்பி மாதிரி இல்லியேம்மா என்றாள். போட்டோவுல அப்படித்தாங்கா தெரியும், நீங்க அழுதுக்கிட்டே பாக்கீக என்று சமாதானம் சொல்லி அனுப்பினாள். கெட்டிக்காரி. அந்த அக்கா போஸ்டரை மடித்து மார்போடு வைத்துக்கொண்டு, சரிம்மா, அப்படித்தான் இருக்கும், என்று போனாள். அந்தப் போஸ்டரில் அவள் வீட்டுக்குப் போனது யாரோ. சண்முகக்கனிக்கு அழுகை வரவில்லை, அழுதால் கீபோர்டு நனையும் என்பது மாதிரி ஒரு கணக்குப் பார்க்கிற மனசு, அதையும் வெறுத்தாள்.

நாலு மணிக்குச் சொன்னபடி வந்துவிட்டார்கள். நாலு பேர், நாலு காக்கிச் சட்டை. சுடலைமணிதான் ஸ்டாண்டுக்குச் செயலாளர், கொம்பையாவுக்குச் சோட்டாள், ஒரே வயசு, ஊருக்கே கேட்கிற குரல். ஆனால் இந்தக் கடைக்கு வந்தால் மட்டும் குரல் கிணற்றுக்குள் போய்விடும். திங்கட்கிழமை படத்தைக் கொடுக்க வந்தபோதும் உள்ளே வரவில்லை, வாசலில் நின்று பென்டிரைவை நீட்டிவிட்டு, நீங்களே பண்ணுனா நல்லா இருக்கும் மதினி என்று அவள் காலைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு வருஷமாக இப்படித்தான். ஸ்டாண்டைக் கடக்க வேண்டியிருக்குமே என்று அவள் ரைஸ்மில் பின்னால் சுற்றிப் போகிறாள், அவள் எதிரே வந்தால் அவர்கள் வண்டிக்குள் குனிந்து எதையோ தேடுகிறார்கள். அன்றைக்கு ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், கொண்டுபோனோம், வழியிலேயே முடிந்துவிட்டது, இவ்வளவுதான் அவளுக்குச் சொன்னது. இதற்கு மேலே அவளும் கேட்கவில்லை. இப்போதும் சுடலைமணி படியில் நின்றபடி திரையை எட்டிப் பார்த்து, ரொம்ப நல்லா இருக்கு மதினி, அடிச்சிருங்க என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். அடிச்சிருங்க என்றால் ஒரு சொடுக்கு, அவ்வளவுதான், மெஷின் அந்தப் பிள்ளையின் சடங்கை முடித்துவிட்டுச் சும்மாதான் கிடக்கிறது. அவள் கை மவுஸின் மேலேயே இருந்தது. கேட்டால் மானம் போகும், கேட்காவிட்டால் அவரே போய்விடுவார். ரெண்டில் எது போனால் என்ன என்று ஒரு கட்டத்துக்கு வந்து, அவர்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்தே கேட்டுவிட்டாள்.

"அவருக்கு மரு எந்தக் கன்னத்துல இருந்துச்சு? எனக்கு மறந்துபோச்சு."

அவள் எதிர்பார்த்த அந்த ஒரு நிமிஷம்தான், வந்து உட்கார்ந்தது. அப்புறம் சுடலைமணி, இதென்ன மதினி, வலது கன்னம்தான் என்று தன் வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். பின்னால் நின்றவர் இல்ல இல்ல இந்தப் பக்கம் என்று தன் இடது கன்னத்தைக் காட்டினார். எதிர்க்க நின்னு பாத்தா அப்படித்தாம்ல தெரியும் என்றார் சுடலைமணி. மூன்றாவது ஆள் ரெண்டு கன்னத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார். ஆயுதபூஜைக்குச் சந்தனம் பூசினபோது எந்தப் பக்கம் இடறிச்சு, டீக்கடையில் எந்தப் பக்கம் உட்காருவாப்ல என்று அவர்களுக்குள் வாக்குவாதம் வந்துவிட்டது. அவளுக்கு மட்டுமில்லை, பத்து வருஷம் தோளோடு தோள் நின்றவர்களுக்கும் தெரியவில்லை. அதில் ஒரு நிம்மதி வந்ததுதான், இல்லை என்று சொல்ல முடியாது. வந்த வேகத்தில் அதைவிடப் பெரிய பயமாக மாறியது. அப்படியானால் ஒருத்தருக்கும் தெரியாது. இனிமேல் இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. ரெண்டில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு அடிக்க வேண்டியதுதான். அப்போது மைதீன், எல்லாருக்கும் சின்னவர், அதுவரைக்கும் வாயே திறக்காமல் கதவு ஓரமாக நின்றவர், செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"இடது கன்னம் மதினி," என்றார். "அன்னைக்குப் பின்சீட்டுல நான்தான் அண்ணனைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். என் இடது தோள்ல தலையைச் சாச்சுக்கிட்டாரு. வலது கன்னம் என் சட்டையில அமுங்கி இருந்துச்சு. வேர்த்து வேர்த்து ஊத்துச்சு, இடது கன்னத்தைத்தான் துடைச்சுவிட்டுக்கிட்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் மரு விரல்ல தட்டும்." சொல்லிவிட்டுத் தன் வலது கை விரல்களைப் பார்த்தார். சண்முகக்கனி திரும்பிக் கணினியைப் பார்த்தாள், ஒரு சொடுக்கு, முகம் திரும்பியது, மரு இடது கன்னத்துக்குப் போயிற்று. ஒரு வருஷமாக விளக்கேற்றிக் கும்பிட்டது கண்ணாடிக்குள் தெரிந்த ஆளை. இவர்தான் ஆள். ஆனால் இப்போது அவளுக்கு மனசு அந்த முகத்தில் நிற்கவில்லை, மைதீன் சொன்னதில்தான் நின்றது. துடைத்துவிட்டுக்கொண்டே வந்தேன். ஒருத்தர் துடைத்துவிட்டிருக்கிறார். தனியாகக் கிடந்து, வண்டிக் கம்பியில் தலை இடிக்க இடிக்கப் போயிருப்பார் என்று ஒவ்வொரு நாளும் நினைத்து நினைத்து அதற்கு மேலே நினைக்க மாட்டாமல் விட்டு வைத்திருந்தாள், கேட்டால் அதைத்தான் சொல்வார்கள் என்று கேட்காமலே இருந்தாள். முழிச்சிருந்தாரா என்று கேட்டாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மைதீனுக்குக் கேட்டது. முழிச்சுத்தான் இருந்தாரு, பேசக்கூடச் செஞ்சாரு என்றார்.

"என்ன பேசுனாரு?"

மைதீன் சுடலைமணியைப் பார்த்தார். சொல்லலாமா என்று கேட்கிற பார்வை. சுடலைமணி படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "நான்தான் அவன் வண்டியை ஓட்டுனேன் மதினி," என்றார். "பிரேக் ஒரு பக்கமா இழுக்கும், மெதுவாப் பிடிக்கச் சொல்லுன்னு இவன்கிட்டச் சொன்னான். வேற ஒண்ணும் சொல்லல. பிரேக்கைத்தான் சொன்னான். நான் இன்னும் வெரசா போயிருக்கணும்." அதற்கு மேலே அவரால் முடியவில்லை. ஊருக்கே கேட்கிற அந்தக் குரல் உடைந்து, ஒரு பெரிய ஆம்பளை கடை வாசலில் நின்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். சண்முகக்கனிக்குச் சிரிப்பு வந்தது. பிரேக்! சாகிறபோதும் மனுஷனுக்கு வண்டிதான். சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், வந்தது அழுகை, ஒரு வருஷத்துக்குச் சேர்த்து, கீபோர்டு நனைந்தால் நனையட்டும் என்று அழுதாள், மூக்கைச் சிந்திக்கொண்டு, ஆள் பார்க்கிறார்களே என்று இல்லாமல். நாலு பேரும் போகவில்லை. யாரும் சும்மா இருங்க மதினி என்று சொல்லவும் இல்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கஸ்டமருக்குப் போடுகிற ரெண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள், போதாததற்கு ஃபிளெக்ஸ் சுருளைப் படுக்கப் போட்டு அதையும் நகர்த்தினாள், விசிறியைக் கூட்டினாள். போஸ்டரை இன்னும் அடிக்கவில்லை, அடிக்கலாம், அதற்கு இன்னும் நேரம் இருந்தது. சுடலைமணியைப் பார்த்து உள்ள வாங்க அண்ணாச்சி என்றாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு வருஷத்துக்கு அப்புறம் படியேறி உள்ளே வந்தார்.

"உக்காருங்க," என்றாள். "மொதல்ல இருந்து சொல்லுங்க. ஸ்டாண்டுல இருந்து. ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

மைதீன் ஃபிளெக்ஸ் சுருளின் மேல் உட்கார்ந்தார். "அன்னைக்கு வெயில் ஜாஸ்தி மதினி," என்று ஆரம்பித்தார்.